மேற்படி ஆட்கள்

உன்னுடைய சோளப் பேணியை நேற்றுத்தான் அடிவரை கவிழ்த்தேன்.

பழைய பிஸ்கற் பேணி. மூடியில் இருந்த படம் எப்போதோ உரிந்துபோய்விட்டது. மே மாதம், விக்டோரியா தின விடுமுறையில், உன் மனைவி அதை ஒரு துவாயில் சுற்றி வோபர்னில் இருக்கும் எங்கள் அப்பார்ட்மென்ற் வாசலுக்குக் கொண்டுவந்தார். "ஹி செட், கிவ் ரு அண்ணை" என்று மட்டும் சொன்னார். உள்ளே வரச்சொல்லிக் கேட்டேன், தலையாட்டிவிட்டு லிஃப்ற் பக்கம் போய்விட்டார். நீ போய் அப்போது மூன்று மாதம். மூடியைத் திறந்ததும் காய்ந்த சோளத்தின் மணம் வந்தது. தூசியும் இனிப்பும் கலந்த அந்த மணம் உன் குளிர்ச்சட்டையிலும் எப்போதும் இருக்கும். மேலே இருந்து இரண்டு கை அள்ளி, தோட்டத்தில் உன் துண்டிலும் என் துண்டிலும் ஊன்றினேன். இப்போது என் இடுப்புக்கு மேலே நிற்கிறது. மிச்ச விதையைப் போத்தலுக்கு மாற்றலாம் என்றுதான் நேற்றுப் பேணியைக் கவிழ்த்தேன். அடியில் மெழுகுசீலையில் மடித்த ஒரு காகிதம் இருந்தது.

எந்தக் காகிதம் என்று பிரிக்காமலே தெரிந்தது. நீ எனக்கு அதைப் பற்றிச் சொல்லியிருக்கிறாய். இத்தனை வருடமாக அதை வைத்திருந்தாய் என்பதைத்தான் சொல்லவில்லை.

அதனால்தான் இந்தக் கடிதம். உனக்குத் தமிழ் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. நீ உயிரோடு இருந்திருந்தாலும் இதை நான்தான் உனக்கு வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். ஆட்களுக்குக் காகிதம் வாசித்துக் காட்டுவதில் எனக்கு முன் அனுபவம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் சந்தித்த பிளாஸ்ரிக் தொழிற்சாலையை இடித்து, அந்த இடத்தில் மாடிக்குடியிருப்புக் கட்டிவிட்டார்கள். அங்கே கார்களுக்குப் பம்பர் வார்த்தோம். நாற்பது பேர் வேலைசெய்த பகுதியில் முப்பது பேர் எங்கள் ஆட்கள். நீ எல் சல்வடோரில் இருந்து வந்தவன். எங்களுக்கு அந்த நாடு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. உனக்கு இங்கிலிஷும் சரிவராது, எங்களுக்கும் சரிவராது. எங்களில் முப்பது பேர் இருந்தபடியால் நீ தமிழ் படித்தாய். ஆறு மாதத்தில் "ஓம் அண்ணை, வாறன் அண்ணை" என்று தொடங்கினாய். இரண்டாம் வருடம் போர்மன் காதில் விழாமல் அவனைத் திட்டுகிற அளவுக்கு முன்னேறிவிட்டாய். என்னைவிட ஒரு வயதுதான் இளமை உனக்கு. ஆனாலும் எல்லோரும் கூப்பிடுகிறார்கள் என்று நீயும் அண்ணை என்றே கூப்பிட்டாய். கடைசிவரை அப்படித்தான்.

உலகக் கிண்ணக் காலத்தில் மட்டும் நீ வேறு ஆளாகிவிடுவாய். சாப்பாட்டு அறையில் யாரோ சின்ன ரீவி ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார்கள். எங்கள் ஆட்கள் பிறேசிலுக்கும் ஆர்ஜென்ரினாவுக்கும் அங்கே பிறந்தவர்களைப்போலக் கட்சி கட்டி அடிபடுவார்கள். நீ சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், வாகனத் தரிப்பிடத்தில் வெயிலில் நின்று சாப்பிடுவாய். எங்கோ பத்திரிகையில் வாசித்த அரைகுறை அறிவோடு நான் ஒருநாள் உன்னைச் சீண்டினேன். "உங்கட ஆக்கள் பந்துக்காகப் பக்கத்து நாட்டோடை சண்டை பிடிச்ச ஆக்களெல்லோ?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தாய், எழுந்து போனாய், அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. எனக்கும் ரோசம் வந்தது. ஒரு பகிடிக்கு இவ்வளவா என்று நினைத்தேன்.

இந்தக் கோடையில் உலகக் கிண்ண ஆட்டங்கள் எங்கள் ரொறன்ரோவுக்கே வந்துவிட்டன. எல்லெஸ்மியர் வீதி முழுக்கக் கார்களில் கொடி. ஹோர்ன் அடித்துக்கொண்டு போகிறார்கள். நல்ல காலம், உனக்கு இதைக் கேட்கக் கிடைக்கவில்லை.

தொழிற்சாலை மூடிய பிறகும் நாம் விட்டுப் பிரியாததற்குத் தோட்டம்தான் காரணம். மின்கம்பிகளுக்குக் கீழே மாநகரசபை பிரித்துக் கொடுக்கும் தோட்டத் துண்டுகளில் ஒன்று எனக்கு, அடுத்தது உனக்கு. நான் பயிற்றை, கத்தரி, மிளகாய் வைத்தேன். நீ சோளம் ஊன்றி, அதன் தண்டிலேயே போஞ்சியைப் படரவிட்டாய். முதல் வருடம், மண் கொத்த முன்னமே நான் செய்த வேலை உனக்கு நினைவிருக்கும். யாழ்ப்பாணத்தானின் கை சும்மா இருக்காது. எங்களூரில் வேலி அடைக்கிற காலம் வந்தால், உடன்பிறந்தவர்களே ஒரு கதியால் தடி தள்ளி நட்டதற்காக வழக்குப் போட்டுக் கோட்டுப்படி ஏறுவார்கள். அந்தப் பழக்கத்தில் நானும் நாலு தடி நட்டு, உன் துண்டுக்கும் என் துண்டுக்கும் நடுவே நைலோன் கயிறு இழுத்துக் கட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், உன் பக்கம் அரை அடி தள்ளித்தான் கட்டினேன்.

நீ மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

"அண்ணை, கயிறு எதுக்கு?"

"சும்மா. எல்லை தெரியத்தானே."

"எங்கட வீட்டுக்கும் இப்பிடித்தான் வந்தவங்கள்" என்றாய். "முதல் கயிறு. பிறகு காகிதம். பிறகு கத்தி."

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. கயிற்றை அவிழ்க்கப் போனேன். நீ என் கையைப் பிடித்தாய். "விடுங்கோ அண்ணை. போஞ்சி ஏறட்டும்." பிறகு தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்குத்தான் முதல்முறையாக உன் ஊர்க்கதையைச் சொன்னாய். தொழிற்சாலையில் நான் விட்ட பகிடிக்கு நாலு வருடம் கழித்துப் பதில் வந்தது. "பந்து இல்லை அண்ணை. காணி."

நீ சொன்னதை எனக்கு விளங்கிய மட்டில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உங்கள் எல் சல்வடோர் சின்ன நாடு, சனம் நெருக்கம். நல்ல மலைச்சரிவு எல்லாம் கோப்பித் தோட்டக்காரக் குடும்பங்கள் சிலவற்றின் கையில். உழைக்கிற சனத்துக்குக் கால் வைக்க இடமில்லை. பக்கத்தில் ஒண்டுராஸ் பெரிய நாடு, ஆட்கள் குறைவு. உன் தாத்தா காலத்திலிருந்தே சனம் எல்லை ஆற்றைக் கடந்து நடந்தது. வாழைத் தோட்டங்களில் கூலி வேலை செய்தது, யாரும் தொடாத காட்டை வெட்டிச் சோளம் போட்டது. உன் அப்பா அங்கே காடு வெட்டினார். நீயும் உன் தங்கையும் அங்கேதான் பிறந்தீர்கள். ஒருவரிடமும் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. காடு வெட்டுகிறவனிடம் யாரும் காகிதம் கேட்பதில்லை, விளைந்த பிறகுதான் கேட்பார்கள் என்றாய்.

பிறகு ஒண்டுராஸ் ஏழைகளும் காணி கேட்டார்கள். அவர்களுக்கும் பசிதான். அங்கேயும் பெரிய காணிகள் பெரிய ஆட்களிடம் இருந்தன. அந்தக் காணிகளில் கை வைக்க அரசாங்கத்துக்குப் பயம். அதற்கு வசதியாக ஒரு சட்டம் இருந்தது: அரச காணி அந்த நாட்டில் பிறந்த குடிமக்களுக்கு மட்டுமே. ஆகவே உள்ளூர் ஏழைக்குக் கொடுப்பதற்கு வெளியூர் ஏழையின் காணியைப் பிடுங்கினால் போதும் என்று ஆயிற்று. பெரியவர்களின் வேலி அசையவில்லை. பத்திரிகையும் ரேடியோவும் உங்களைக் கள்ளர், கொலைகாரர் என்று சொல்லத் தொடங்கின. உலகக் கிண்ணத்துக்கான தெரிவுப் போட்டியில் இரண்டு நாடுகளும் மோதியது இதெல்லாம் நடந்த பிறகுதான். அவர்கள் தலைநகரில் ஒரு ஆட்டம், உங்கள் தலைநகரில் ஒரு ஆட்டம், இரண்டிலும் விருந்தாளி அணிக்கு அடியும் அவமானமும். உலகம் அந்தப் பந்தை மட்டும் பார்த்தது. நானும் அதைத்தான் வாசித்திருந்தேன்.

காகிதத்தின் கதையை நீ அன்றைக்குச் சொல்லவில்லை. அதற்கு இன்னும் மூன்று கோடை ஆயிற்று. ஒரு ஓகஸ்ட் மாதம் முதல் கதிரை உடைத்து எனக்குத் தந்துவிட்டு, நீயாகவே தொடங்கினாய்.

உனக்கு அப்போது ஒன்பது வயது. கயிறு பிடித்து அளந்துவிட்டுப் போனவர்கள் சில கிழமையில் ஒரு காகிதம் கொடுத்தனுப்பினார்கள். அச்சடித்த காகிதம், நடுவில் முத்திரை, வெற்றிடத்தில் மையால் எழுதிய உன் அப்பாவின் முழுப்பேர். எழுதியவன் பக்கத்துக் காணிக்காரரின் மகன், பட்டணத்துக் கந்தோரில் எழுத்து வேலை பார்த்தவன். எழுத்து அவ்வளவு அழகு என்றாய். உன் அப்பாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அவர் நாலு வருடமாகக் காணி உறுதி கேட்டு அந்தக் கந்தோருக்கு நடந்தவர். அந்த வீட்டில் பள்ளிக்கூடப் படி மிதித்தது நீ ஒருவன்தான், அதுவும் ஒரு வருடம். "வாசி" என்று உன் கையில் தந்தார். நீண்ட நீண்ட கந்தோர்ச் சொற்கள், உனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கம். அவருடைய முகத்தைப் பார்த்தாய், காகிதத்தைப் பார்த்தாய், உனக்குத் தெரிந்த ஒன்றை வாசித்தாய். "அப்பா, உங்கட பேர் இருக்கு."

அவர் அதைக் காணி உறுதி என்று எடுத்துக்கொண்டார். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். எலி தொடாத இடம் என்று விதைப் பேணிக்குள் வைத்தார். அக்கம்பக்கத்துச் சல்வடோர்க்காரர்கள் மூட்டை கட்டத் தொடங்கியபோது, "எங்களுக்குப் பயமில்லை, எங்களுக்குக் காகிதம் வந்திட்டுது" என்று அவர்களைத் தேற்றினாராம். சோளம் பூக்கிற பருவம். அதை விட்டுவிட்டுப் போக எந்தக் கமக்காரனுக்கும் மனம் வராது. காகிதத்தில் முப்பது நாள் தவணை போட்டிருந்தது. அந்த முப்பது நாளும் களை பிடுங்கினீர்கள்.

உங்கள் தலைநகரில் நடந்த ஆட்டத்தில் ஒண்டுராஸ் தோற்ற இரண்டாம் நாள் ஊர்க்காரர் வந்தார்கள். பட்டப்பகல், மதியச் சாப்பாட்டு நேரம். கத்தியோடு வந்த பதினைந்து பேரில் ஐந்து பேரை உனக்குப் பேர் சொல்லித் தெரியும். உன் அப்பா ஓடவில்லை. உள்ளே போய்ப் பேணியைத் திறந்து, காகிதத்தை எடுத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு அவர்கள் முன்னால் போய் நின்றார். முன்னுக்கு நின்றவன் வாங்கி வாசித்தான். வாசித்துவிட்டு மற்றவர்களுக்கும் உரக்க வாசித்துக் காட்டினான். அவர்கள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார் என்றாய். அதற்குப் பிறகு நடந்ததை நீ சொல்லவில்லை. கையில் இருந்த கதிரின் மேல்தோலை உரித்துக்கொண்டே இருந்தாய், கடைசித் தோலும் போய் மணி தெரியும்வரை.

"நான் பிழையா வாசிச்சன் அண்ணை" என்றாய்.

"நீ சின்னப்பெடியன். உனக்கு என்ன தெரியும்?"

"தெரியாது எண்டு சொல்லியிருக்கலாம்தானே?"



நீங்கள் எல்லை ஆற்றுக்கு நடந்தீர்கள், அம்மா, தங்கை, நீ, சோளப் பேணி. வழி முழுக்க உங்களைப்போல ஆயிரக்கணக்கில். சில கிழமையில் யுத்தம். ஆற்றங்கரை முகாமில் இருந்தபோது உங்கள் படை லொறி லொறியாக எதிர்த்திசையில் போயிற்று. ஒரு ஆமிக்காரன் எட்டிப் பார்த்து, "அழாதேங்கோ, உங்கட காணியை மீட்டுத் தாறம்" என்று கத்தினான். உன் அம்மா அவனுக்குக் கையசைத்தார். நாலு நாள், நூறு மணித்தியாலம் என்றார்கள். இரண்டு பக்கமும் குண்டு போட்டது, இரண்டு பக்கமும் தாங்களே வென்றதாகச் சொன்னது. பிறகு வெளிநாடுகள் விலக்குப் பிடிக்க, படை போன வழியே திரும்பி வந்தது. காணி வரவில்லை.

யுத்தம் நாலு நாளில் முடிந்தது என்று எழுதுகிறவர்களை உனக்குப் பிடிக்காது. முடியவில்லை என்பாய். எல்லை பல வருடம் பூட்டிக் கிடந்தது, வியாபாரம் படுத்தது. திரும்பி வந்த சனத்தைக் கொடி ஆட்டி வரவேற்ற நாடு, மூன்றே மாதத்தில் உங்களை ஒண்டுராஸ்காரர் என்று கூப்பிடத் தொடங்கியது. ஏற்கெனவே இடமில்லாத நாட்டுக்குள் இன்னும் அத்தனை பேர். வேலை இல்லை, காணி இல்லை, கேட்டால் சுட்டார்கள். பத்து வருடத்தில் அது உள்நாட்டு யுத்தமாயிற்று. அதற்குத் தப்பிய சனம் அதே ஆற்றை மறுபடியும் கடக்கப் பார்த்தது, இந்த முறை ஒண்டுராஸ் பக்கம். அக்கரையில் ஆமி நின்று திருப்பித் துரத்தியது. உன் தங்கை அந்த ஆற்றிலேதான் போனாள். நீ கால்நடையாகவும் பஸ்ஸிலும் வடக்கே வடக்கே வந்து, கடைசியில் ஸ்காபரோவில் எங்களோடு பம்பர் வார்த்தாய்.

இதையெல்லாம் கேட்டு நான் அழுதேன். அது பொய்யழுகை இல்லை. ஆனாலும் எனக்குள்ளே ஒரு மூலையில் வேறு ஏதோ குடைந்துகொண்டே இருந்தது. அதை நான் பேசவிடவில்லை.

பெப்ரவரியில் ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்த்தபோது நீ நன்றாக வற்றிப்போயிருந்தாய். சன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உன் மனைவி கோப்பி வாங்கக் கீழே போயிருந்தார். நீ கண்ணைத் திறந்து, மெதுவாக, உன் தமிழில் கேட்டாய்.

"அண்ணை, உங்கட நாட்டிலை எங்கட மாதிரி ஆக்கள் இருந்தவையோ? வேறை நாட்டிலையிருந்து வந்து, காடு வெட்டி, காகிதம் இல்லாமல்?"

ஏன் கேட்டாய் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சாகப்போகிறவன் சும்மா கேட்டதாகவும் இருக்கலாம். என் முகத்தில் எதையாவது முன்பே கண்டிருக்கவும் கூடும்.

"இல்லை" என்றேன்.

நீ தலையாட்டினாய். "நல்லது" என்றாய். இரண்டாம் நாள் போய்விட்டாய்.

இருந்தார்கள். இப்போது சொல்கிறேன், கேள்.

எங்கள் நாட்டு மலைகளில் தேயிலைத் தோட்டம் போட வெள்ளைக்காரன் இந்தியாவிலிருந்து தமிழரைக் கொண்டுவந்தான். மூன்று நாலு தலைமுறை அங்கேயே பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே புதைந்தார்கள். வெள்ளைக்காரன் போனதும் புதிய அரசாங்கம் அவர்களுடைய பிரசாவுரிமையைப் பறித்தது. அதற்குக் கை உயர்த்தியவர்களில் எங்கள் தமிழ்த் தலைவர்களும் இருந்தார்கள். பிறகு இரண்டு நாட்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து உனக்கு இத்தனை பேர், எனக்கு இத்தனை பேர் என்று பங்குபோட்டன. யாழ்ப்பாணத்தில் நாங்கள் அவர்களைத் தோட்டக்காட்டார் என்றோம். அதை ஒரு வசவு என்று நினைக்காமலேகூடச் சொன்னோம். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையிலிருந்து அடித்து விரட்டப்பட்ட குடும்பங்கள் எங்கள் பக்கம், வன்னிக்கு, வந்து சேர்ந்தன.

கிளிநொச்சிக்குப் பக்கத்தில் என் அப்பாவுக்கு அரசாங்கம் அனுமதிப்பத்திரம் எழுதிக் கொடுத்த பேமிற் காணி இருந்தது. பாதி பற்றைக்காடு. மாரிமுத்து என்கிற ஒருவரும் அவர் மனைவியும் நாலு பிள்ளைகளும் வந்து வேலை கேட்டார்கள். "காட்டை வெட்டுங்கோ, கிழக்கு மூலையிலை இரண்டு ஏக்கர் உங்களுக்கு" என்று அப்பா வாயால் சொன்னார். நாலு வருடம் வெட்டினார்கள். கிணறு தோண்டினார்கள், வாழை வைத்தார்கள். வாழை குலை தள்ளியபோது என் அக்காவுக்குக் கல்யாணம் பேச்சாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் சீதனமாகக் காணி கேட்டார்கள், கிணறுள்ள பக்கம் வேண்டும் என்றார்கள். கிணறு கிழக்கு மூலையில் இருந்தது.

அப்பா மாரிமுத்து குடும்பத்தைப் போகச் சொல்லிப் பார்த்தார், போகவில்லை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வீட்டில் படித்தவன் நான், கையெழுத்தும் நல்லது. "காணிக் கந்தோருக்கு உன்ரை கையாலை ஒரு பெட்டிசம் எழுதடா" என்றார். எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல எழுதியது என்று நான் தப்ப முடியாது. நல்ல வசனங்கள் எல்லாம் என்னுடையவை. 'மேற்படி ஆட்கள் இந்நாட்டுப் பிரசைகள் அல்லர். அரச காணியில் அத்துமீறிக் குடியிருக்கின்றனர். ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.' எங்கள் அரசாங்கம் எங்களையே இந்த நாட்டவர் இல்லை என்று சொல்லத் தொடங்கியிருந்த காலம் அது. கூட்டங்களில் அதற்கு எதிராகத் தொண்டை கிழியக் கத்திவிட்டு வீட்டுக்கு வந்து இதை எழுதினேன்.

இரண்டு மாதத்தில் கந்தோரிலிருந்து கடிதம் போயிற்று, 'மேற்குறித்த காணியில் குடியிருப்போர்' என்று விலாசமிட்டு. மாரிமுத்துவுக்கு வாசிக்கத் தெரியாது. அந்தப் பக்கத்தில் படித்தவன் என்று அவருக்குத் தெரிந்தது ஒருவன்தான். ஒருநாள் காலையில் நல்ல சேட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு, எங்கள் வீட்டு வாசற் படலைக்கு வந்தார்.

"தம்பி, நீங்க படிச்சவுங்க. இதுல என்னா எழுதியிருக்குன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க."

வாசித்தேன். முதல் வரியிலிருந்து கையொப்பம்வரை, நிறுத்தி, தெளிவாக வாசித்தேன். என்னுடைய வசனங்கள் இரண்டை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"எங்க பேரு இருக்கா தம்பி?"

"இல்லை" என்றேன்.

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அப்ப இது எங்களுக்கு இல்லீங்களே?"

"உங்களுக்குத்தான்" என்றேன்.

அவர் காகிதத்தை வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கிழமையே குடும்பத்தோடு கிழக்கே, முல்லைத்தீவுப் பக்கக் காட்டுக்குப் போய்விட்டார்கள். அக்காவின் கல்யாணம் நடந்தது. ஐந்து வருடத்தில் யுத்தம் அந்தக் காணியையும் எங்களையும் துரத்தியது. ரொறன்ரோ விமான நிலையத்தில் நான் அகதி என்று எழுதிக் கொடுத்தேன். காணி பறிபோனவன் என்றும் எழுதினேன்.

நேற்று மகள் பிக்கரிங்கில் இருந்து பயிற்றங்காய் பிடுங்க வந்திருந்தாள். அவளுடைய ஃபோனைப் பிடித்து உன் அப்பாவின் காகிதத்தை மொழிபெயர்க்கச் சொன்னேன். ஒரு மூலை கறுத்து இறுகிப்போயிருந்தது, அது என்ன என்று அவள் கேட்டாள், நான் சொல்லவில்லை. வாசித்துவிட்டு, "அப்பா, இது எவிக்‌ஷன் நோட்டீஸ்" என்றாள். "தேர்ட்டி டேய்ஸ். ஹூ டஸ் திஸ் ரு பீப்பிள்?"

தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பத்தைந்து வருடத்தில் முதல்முறை. அவள் என்னைப் பார்க்கவில்லை. கடைசியில் ஒன்றுதான் கேட்டாள். "அந்தப் பிள்ளையளின்ரை பேர் என்ன அப்பா?"

எனக்குத் தெரியவில்லை. நாலு வருடம் எங்கள் காணியில் ஓடித்திரிந்த பிள்ளைகள். மூத்தவள் எங்களுக்கு மோர் கொண்டுவந்து தருவாள்.

இன்று காலை கிளிநொச்சியில் இருக்கும் மச்சானுக்கு ஃபோன் எடுத்தேன். "மாரிமுத்துவின்ரை சனம் இப்ப எங்கை?" என்று கேட்டேன். அவனுக்கு நினைவுபடுத்தவே பத்து நிமிடம் ஆயிற்று. "ஆ, அந்தத் தோட்டக்காட்டாரே?" என்றான். கடைசி யுத்தத்தில் சனத்தோடு சனமாகக் கடற்கரைக்குப் போனதைக் கண்டவர்கள் இருக்கிறார்களாம். யுத்தம் முடிந்த அந்த மே மாதத்துக்குப் பிறகு அவர்களில் ஒருவரையும் யாரும் காணவில்லை. "செத்தவையின்ரை லிஸ்ற்றிலை பார்க்கேலாதோ?" என்றேன். "என்ன பேரிலை தேடுறது?" என்று கேட்டான்.

கிழக்கு மூலையில் இருந்திருந்தாலும் யுத்தம் அவர்களைத் துரத்தியிருக்கும், எங்களைத் துரத்தவில்லையா என்று ஒரு மனம் சொல்கிறது. அந்த மனத்தை எனக்கு நன்றாகத் தெரியும். பெட்டிசம் எழுதியதும் அதே மனம்தான்.

உன் அப்பாவின் காகிதத்தைத் திரும்ப மெழுகுசீலையில் மடித்து, பேணியில் போட்டு, மேலே விதையைக் கொட்டிவிட்டேன். நாளைக்கு உன் மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். கொடுக்கும்போது இதையும் அவருக்குச் சொல்வேன். அதற்குப் பிறகு அவர் என்னை அண்ணை என்று கூப்பிடுவாரோ தெரியாது. தோட்டத்தில் கயிறு நீ விட்ட இடத்திலேயே இருக்கிறது, அரை அடி உன் பக்கம் தள்ளி. போஞ்சி அதில் ஏறிவிட்டது, அறுத்தால் கொடி செத்துப்போகும். அறுவடை முடிந்ததும் அவிழ்ப்பேன்.

நீ ஒன்பது வயதில் பிழையாக வாசித்தாய் என்று ஆயுள் முழுக்க உன்னைத் தின்றாய். நான் இருபத்திரண்டு வயதில் ஒரு பிழையும் விடாமல் வாசித்தேன், நன்றாக நித்திரை கொண்டேன், கல்யாணம் கட்டினேன், பிள்ளை பெற்றேன், உன் கதையைக் கேட்டு உன் தோளில் கைபோட்டு அழுதேன். உன் அப்பாவின் பேர் ஒரு காகிதத்திலாவது இருக்கிறது. நேற்று அதை நான் வாய்விட்டு வாசித்தேன், முழுப்பேரும். மாரிமுத்துவின் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. அவர்களுடைய பேர் இருந்திருக்க வேண்டிய இடத்தில் நான் 'மேற்படி ஆட்கள்' என்று எழுதினேன், அழகான கையெழுத்தில்.

இரண்டு பேர் என்னிடம் நம்பி ஒவ்வொரு கேள்வி கேட்டீர்கள். மாரிமுத்து எங்கள் படலையில் நின்று கேட்டார், நீ கட்டிலில் கிடந்து கேட்டாய். இரண்டு பேருக்கும் இல்லை என்றேன். அவர் நன்றி சொன்னார். நீ நல்லது என்றாய்.